முதலியார்பேட்டையிலிருந்து ஒரு செம்மண் சுற்று

(முதலியார்பேட்டையில் சைக்கிள் ஆர்வலர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பாலைவனப் பூங்காக்களைச் சைக்கிளில் சுற்றிவர ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அரிசோனாவின் வரைபடத்தையோ கலிபோர்னியாவின் வரைபடத்தையோ விரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். மழை அரித்த செம்பள்ளங்கள், கல்லாகிப்போன மரங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, நடுவே ஒற்றைத் தார்ச்சாலை. அவர்கள் தேடுவது இவற்றைத்தான். முதலியார்பேட்டைக்காரர் இதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. விடியுமுன் கடலூர் சாலையில் சைக்கிளை எடுத்தால், இவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நண்பகலுக்குள் மரப்பாலம் சந்திப்பில் வந்து இறங்கிவிடலாம்.

சுற்று இப்படி அமைகிறது. முதலியார்பேட்டையிலிருந்து வடக்கே நகரத்தைக் கடந்து, முத்தியால்பேட்டை, கோட்டக்குப்பம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை. பெரியமுதலியார்சாவடியில் மேற்கே திரும்பினால் ஆரோவில், இடையஞ்சாவடி, இரும்பை. திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் திண்டிவனம் நெடுஞ்சாலையைத் தொட்டுக் கடந்து, வானூர்ப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் திருவக்கரை. அங்கிருந்து தெற்கே சேதராப்பட்டு, ஊசுட்டேரி, பத்துக்கண்ணு, வில்லியனூர். பிறகு மூலக்குளம், ரெட்டியார்பாளையம், இந்திரா காந்தி சதுக்கம், நூறடிச் சாலை வழியாக மரப்பாலம். உள்வழிகளைத் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்துக் கூடக்குறைய எழுபது கிலோமீட்டர்.

முதலியார்பேட்டை இந்தச் சுற்றின் தொடக்கமாக இருப்பதற்கு ஒரு பொருத்தம் உண்டு. 1898இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் ஆலை, ஊர்வழக்கில் ஏ.எஃப்.டி. மில், இந்தப் பகுதியின் முகமாகவே இருந்தது. ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் சைக்கிள்கள் கடலூர் சாலையை நிறைக்கும். 2020 ஏப்ரலில் அந்த ஆலை மூடப்பட்டது. சைக்கிள் என்பது இங்கே முதலில் வேலைக்குப் போகும் வண்டி. அது ஞாயிற்றுக்கிழமை வண்டியாக மாறுவதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

1936 ஜூனில் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு கூடிய விடுமுறையைச் சட்டமாக்கியது. அந்தக் கோடையில் பாரிஸ் தொழிலாளர் குடும்பங்கள் சைக்கிளிலும், இருவர் மிதிக்கும் டாண்டம் வண்டியிலும் கடலையும் காட்டையும் பார்க்கக் கிளம்பிய புகைப்படங்கள் இன்றும் புகழ்பெற்றவை. அதே கோடையில், 1936 ஜூலை 30 அன்று, அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த புதுச்சேரியில், உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்களைக் காவல் படை சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக 1937இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று புதுச்சேரிக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தனக்கென்று இருக்கிறது என்பதை முடிவு செய்யும் சண்டை அது. முதலியார்பேட்டையில் பொழுதுபோக்குக்காகச் சைக்கிள் ஏறுகிறவர் அந்தப் பன்னிரண்டு பேரை நினைக்காமல் கடலூர் சாலையைத் தாண்டக்கூடாது என்பது இந்த உரையாளரின் துணிபு.

இனி, திட்டமிடுவதில் முதல் கேள்வி. எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

கோயிலையும் மலையையும் வலமாகச் சுற்றிப் பழகிய கால்கள் வரைபடத்தைப் பார்த்ததும் வலமாகவே கோடு போடும். அதாவது முதலில் வில்லியனூர், கடைசியில் கடற்கரைச் சாலை. இந்தச் சுற்றுக்கு அது தவறான திசை. இந்தியச் சாலையில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. இடப்பக்கம் திரும்புகிறவர் எந்த வண்டியையும் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. வலப்பக்கம் திரும்புகிறவர் எதிர்வரிசை முழுவதையும் கடந்தாக வேண்டும். வலமாகச் சுற்றினால் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் வலப்பக்கத் திருப்பங்கள். அதிலும் ஆரோவிலிலிருந்து இறங்கி வந்து, சென்னைக் கார்கள் சீறும் கடற்கரைச் சாலையில் பெரியமுதலியார்சாவடி அருகே முற்பகல் பத்து மணிக்கு வலப்பக்கம் ஏறுவது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். இடமாகச் சுற்றினால் அதே இடம் விடியற்காலையில், வெறிச்சோடிய சாலையில், ஓர் எளிய இடப்பக்கத் திருப்பம்.

வெயிலும் அதே பக்கம்தான் சொல்கிறது. இடமாகச் சுற்றுகிறவர் மேற்கே போகும்போது உதயசூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். செம்பள்ளங்களின் சுவர்கள் அந்தச் சாய்ந்த ஒளியில்தான் தங்கள் நிறத்தை முழுமையாகக் காட்டும். பின்னால் வரும் ஓட்டுநருக்குச் சைக்கிள்காரர் நன்றாகத் தெரிவார். அந்த ஓட்டுநருக்குக் கண்கூச்சமும் இருக்காது. காற்று மட்டும் கொஞ்சம் வம்பு பண்ணும்: முற்பகலில் கடற்காற்று எழும்போது, வில்லியனூரிலிருந்து கிழக்கே திரும்பும் கடைசிப் பகுதியில் அது நெஞ்சில் மோதும். ஆனால் வெக்கை ஏறிய அந்த நேரத்தில் அதே காற்று உடம்பைத் தணிக்கவும் செய்யும். ஆக, பிரதட்சிணத்தைக் கோயிலுக்கு வைத்துக்கொண்டு, இந்தச் சுற்றை இடமாகவே போட வேண்டும்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலை மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை மோட்டார் வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. முதல் சில கிலோமீட்டர்களை அலைச் சத்தத்தோடு, ஹார்ன் சத்தமில்லாமல் ஓட்ட அது வழி செய்கிறது. முத்தியால்பேட்டை தாண்டிக் கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு. சேதராப்பட்டில் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகப் பெற்ற கிராமங்களின் எல்லை இன்னும் அப்படியே கிடப்பதால், ஒரே காலையில் மாநில எல்லையைப் பலமுறை தாண்ட நேரிடும். சாலை செப்பனிடும் துறையும் எல்லையோடு மாறும். வழவழவென்று வந்த தார் திடீரென்று குண்டும் குழியுமாவது பல இடங்களில் எல்லைக்கோட்டில்தான்.

பெரியமுதலியார்சாவடியிலிருந்து சாலை மெல்ல ஏறும். கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் அளவுக்கு உயரும் மேட்டுநிலம் அது. ஏற்றம் என்று சொல்லும்படி இல்லை. மூச்சு கொஞ்சம் கனக்கும், கியர் ஒன்று இறங்கும், அவ்வளவே. அந்தச் சிறிய உயரம்தான் இந்த நிலத்தின் கதையை எழுதியது. மரம் இல்லாத மேட்டில் வடகிழக்குப் பருவமழை விழுந்தால், தண்ணீர் நிற்காமல் கடலை நோக்கி ஓடும். ஓடும்போது மண்ணையும் வாரிக்கொண்டு போகும். பொம்மையார்பாளையத்தின் செம்பள்ளங்கள் அப்படி உண்டானவை. பள்ளத்தின் விளிம்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே பார்த்தால் அடுக்குகள் கண்ணில் படும். மேலே ரத்தச் சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள் பாய்ந்த மணல், நடுநடுவே கூழாங்கல் வரிசைகள், அடியில் வெளிர்நிறக் களி. சுவரை விரலால் தொட்டாலே பொடியாக உதிர்கிறது. விளிம்பு உள்ளே குடையப்பட்டிருப்பதால் ஓரத்தில் நிற்கக்கூடாது. மழைக்காலத்தில் பள்ளத்துக்குள் இறங்கவே கூடாது.

சங்க மரபு ஐந்து திணை வகுத்தாலும், பாலையைத் தனி நிலமாக அல்லாமல், முல்லையும் குறிஞ்சியும் வளம் கெட்டுத் திரிந்த நிலமாகவே சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆரோவில் மேடு இதற்குக் கண்கண்ட சான்று. ஒரு காலத்தில் இந்தக் கடற்கரை மேடுகளில் உலர் பசுமைமாறாக் காடு இருந்தது. காயா, வீரை, கருங்காலி போன்ற மரங்கள் கோயில் காடுகளில் இன்றும் எஞ்சியிருக்கின்றன. காடு போனது, மண் போனது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் பிரதிநிதிகள் தங்கள் நாட்டு மண்ணைக் கொண்டுவந்து கலசத்தில் இட்டு ஆரோவிலைத் தொடங்கியபோது, அங்கே நிழலுக்கு ஒதுங்க ஓர் ஆலமரத்தை விட்டால் வேறு அதிகம் இல்லை. பிறகு நடந்த வேலை மிக எளிமையானது, மிகக் கடினமானது: வயல்வரப்பு போல மண்வரப்புகள் போட்டு மழைநீரை விழுந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். ஓடைகளில் சிறு தடுப்புகள் கட்டினார்கள். கத்திசவுக்கு போன்ற வேகமாக வளரும் மரங்களை முதலில் வைத்து, அவற்றின் நிழலில் நாட்டு மரங்களை வளர்த்தார்கள். சுற்றுக் கிராமத்து ஆண்களும் பெண்களும் மண்வெட்டி பிடித்து உழைத்த வேலை அது. இன்று சாலையின் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் சில இடங்களில் முந்திரித் தோப்பு, இன்னும் சில இடங்களில் வெறும் செம்மண். அரை நூற்றாண்டுக்கு முந்தைய நிலமும் இன்றைய நிலமும் பக்கம் பக்கமாக இருப்பதைக் கார் கண்ணாடி வழியே கவனிக்க முடியாது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் கவனிக்கலாம். காட்டுக்குள் நுழைந்ததும் கைமயிரில் படும் குளிர்ச்சியே எல்லையைச் சொல்லிவிடும்.

இடையஞ்சாவடிக்கும் இரும்பைக்கும் இடையில் சொல்லப்படும் கடுவெளிச் சித்தர் கதையைக் கேட்காமல் இந்த வழியைக் கடக்க முடியாது. சித்தரின் தவ வெப்பத்தால் மழை பொய்த்ததாம். அவரைச் சுற்றிப் புற்று வளர்ந்தது. அரசனுக்கு நெருங்க அச்சம். வள்ளி என்ற ஆடல்மகள், சித்தர் உதிரும் இலையை மட்டும் உண்பதைக் கவனித்து, இலையோடு அப்பளத்தையும் வைத்தாள். உப்பும் ருசியும் உடம்பில் ஏற, சித்தர் கண் திறந்தார், மழையும் பெய்தது. இரும்பை மாகாளேசுவரர் கோயிலில் விழா எடுத்தார்கள். வள்ளி ஆடும்போது சிலம்பு கழன்று விழ, சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டிவிட்டார். அவை சிரித்தது. சித்தர் சினந்து சிவனை அழைக்க, லிங்கம் வெடித்துச் சிதறியது. துண்டு விழுந்த இடமெல்லாம் பாலையாகும் என்று சாபம். அரசன் காலில் விழுந்து கதறியபின், தூர தேசத்து மக்கள் வந்து இந்த நிலத்தைப் பசுமையாக்குவார்கள் என்று சாபத்துக்கு ஒரு விடிவும் சொன்னாராம். பிளவுபட்டு, செப்புப் பட்டையால் கட்டப்பட்ட லிங்கத்தை அந்தக் கோயிலில் இன்றும் காட்டுகிறார்கள். விடிவு பற்றிய பகுதி பின்னால் சேர்ந்ததா என்பதைக் கதை ஆராய்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஊர் முழுக்கக் காடு அழிந்து மண் ஓடிய துயரத்தை மக்கள் தங்கள் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கதையைவிட வலுவான ஆவணம் தேவையில்லை.

திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் டீக்கடைகள் உண்டு. இட்லியும் டீயும் இங்கேயே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

திருவக்கரைதான் சுற்றின் நெற்றிப்பொட்டு. சங்கராபரணி ஆறு, இங்கே வராக நதி, கரையில் சந்திரமௌலீசுவரர் கோயில். வக்கிரகாளி சன்னதிக்காகப் பவுர்ணமியன்று வண்டிகள் வரிசை கட்டும். அதனால் பயண நாளைக் குறிக்கும் முன் நாள்காட்டியைப் பார்த்துப் பவுர்ணமியைத் தவிர்க்க வேண்டும். ஊருக்குக் கிழக்கே கல்மரப் பூங்கா. 1781இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா முதன்முதலில் இந்தக் கல்மரங்களைப் பதிவு செய்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கிறது. சுமார் 247 ஏக்கர்ப் பரப்பில், பல திட்டுகளாக, ஏறத்தாழ 200 மரங்கள் கிடக்கின்றன. வயது சுமார் இரண்டு கோடி ஆண்டுகள்.

மரங்களுக்கு வேர் இல்லை, கிளை இல்லை, பட்டையும் இல்லை. எங்கோ வேரோடு சாய்ந்து, வெள்ளத்தில் உருண்டு வந்து, மணலில் புதைந்தவை என்பதற்கு அதுவே அடையாளம். காற்றுப் புகாத மணலுக்கடியில் மரம் மக்குவதற்கு முன்பே, நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா திசுக்களுக்குள் புகுந்து, மரத்தின் உயிரணுக்களை அச்சு எடுத்தாற்போலக் கல்லாக்கிவிட்டது. குனிந்து பார்த்தால் வளையங்கள் தெரிகின்றன. கிளை முறிந்த கணுவின் சுழி தெரிகிறது. சில இடங்களில் பூச்சி துளைத்தாற்போன்ற துவாரமும். பார்வைக்குக் காய்ந்த விறகு. கை வைத்தால் கல்லின் குளிர்ச்சி. மா, புளி குடும்பங்களைச் சேர்ந்த மரங்களின் உறவுகளும் இவற்றில் உண்டு என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளம், 12 கோடி ஆண்டுப் பழமை. அரிசோனாவின் கல்மரக் காடு இன்னும் பழையது, 20 கோடி ஆண்டுக்கு மேல்.

அந்த அரிசோனாப் பூங்காவிலிருந்து ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். பார்க்க வந்தவர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன கற்களை, பிறகு மனம் உறுத்தி மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எடுத்த இடம் தெரியாததால் அவற்றை மறுபடி நிலத்தில் வைக்க முடியாது, ஆய்வுக்கும் பயன்படாது. தனியாக ஒரு குவியலாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். திருவக்கரையில் வேலிக்கு வெளியிலும் வயல் ஓரங்களிலும் கல்மரத் துண்டுகள் கண்ணில் படும். சைக்கிள் பைக்குள் ஒரு துண்டுகூட ஏறக்கூடாது. சுற்றிலும் கல் குவாரிகள் பெருகிக்கொண்டிருக்கும் வட்டாரத்தில், இந்த இருநூறு மரங்களுக்கு மேலும் ஒரு பகை வேண்டாம்.

குவாரிகளால் சைக்கிள்காரருக்கு நேரடிச் சிக்கலும் உண்டு. வேலை நாட்களில் டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடும். சாலையோரம் ஜல்லியும் தூளும் கொட்டிக் கிடக்கும். ஞாயிறு இந்தச் சுற்றுக்கு ஏற்ற நாளாவது அதனால்தான். வளைவில் ஜல்லித் தூள் மேல் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வாரிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும்.

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். ஆனால் மேற்கே வழுதாவூர்ப் பக்கத்து வயல்களுக்கு அடியில் இருப்பது பழைய கடல். டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த கடலுயிர்ப் புதைபடிவங்களை கே, கன்லிஃப் என்ற இருவர் அங்கே சேகரித்தார்கள். எட்வர்டு போர்ப்ஸ் 1846இல் லண்டனில் அவற்றை விவரித்து வெளியிட்டார். வழுதாவூர் என்ற பெயர் இன்று உலகப் புவியியல் நூல்களில் ஒரு பாறை அடுக்கின் பெயராக இருக்கிறது. ஊரில் இருப்பவர்களில் பலருக்கு இது தெரியாது என்பது வருத்தம். பள்ளிப் பிள்ளைகளுக்காகவாவது சாலையோரம் ஒரு பலகை வைக்க வேண்டும்.

ஊசுட்டேரி வரும்போது வெயில் ஏறியிருக்கும். சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியே நீர் பெறும் ஏரி. 2008இல் புதுச்சேரியும் 2015இல் தமிழ்நாடும் தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. ஜனவரி, பிப்ரவரியில் வலசைப் பறவைகள் இருக்கும். கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொண்டு, பத்துக்கண்ணு வழியாக வில்லியனூருக்கு இறங்கலாம். பிறகு ஒரு பெரிய ஏற்றம் மட்டும் பாக்கி, அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம். இந்திரா காந்தி சதுக்கத்தில் ஒரே ஒரு வலப்பக்கத் திருப்பம் தவிர்க்க முடியாதது. அங்கே சிக்னல் இருக்கிறது, பொறுமையாக நின்று போகலாம்.

நேரக் கணக்கைப் பிரெஞ்சுக்காரர்களின் நெடுந்தூரச் சைக்கிள் மரபிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பாரிஸ் ஔடாக்ஸ் மன்றத்தின் விதிப்படி 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். உணவு, ஓய்வு எல்லாம் அதற்குள் அடக்கம். அதாவது மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் இந்தச் சுற்று ஐந்து மணி நேரத்துக்குள் முடியும். கல்மரங்களையும் செம்பள்ளத்தையும் நின்று பார்க்க இரண்டு மணி நேரம் சேர்த்தால், காலை 4.45க்குக் கிளம்புகிறவர் நண்பகலுக்கு முன் வீடு சேர்வார். பூங்கா திறக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, தேவையானால் கிளம்புவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம். பருவம் என்றால் ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. மே மாதத்தில் இந்தச் சுற்று வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் ஆற்றையும் ஓடைகளையும் நம்பக்கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சங்கராபரணி கரை புரண்டது.

'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவி, நூறாண்டுக்கு முன்பே பிரெஞ்சுச் சைக்கிள் பயணிகளுக்குச் சில விதிகள் வகுத்தார். பசிக்குமுன் சாப்பிடு, தாகம் எடுக்குமுன் குடி என்பவை அவற்றில் இரண்டு. செம்மண் மேட்டில் இவை வேதவாக்கு. வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட மோரோ, எலுமிச்சைச் சாறோ ஒரு புட்டியில் இருக்க வேண்டும். முதல் நாள் இரவு ஊறவைத்த பழைய சோற்று நீராகாரத்தைக் குடித்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு ஆரோவில் மேடு வரை வேறொன்றும் தேவைப்படாது. கடையில் வாங்கும் எந்தச் சத்துப் பொடியும் அதற்கு ஈடில்லை என்பது இவ்வுரையாளரின் அசையாத நம்பிக்கை.

சீமைக்கருவேல முள் இந்த வட்டாரத்தில் டயருக்கு முதல் எதிரி. சாலையை விட்டு இறங்கிச் சைக்கிளைச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு டயர்களையும் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், சிறிய பம்ப், முன்னும் பின்னும் விளக்கு ஆகியவை இல்லாமல் யாரும் கிளம்ப வேண்டாம். மெல்லிய ரேஸ் டயரைவிட 28 மில்லிமீட்டர் டயர் இந்தச் சாலைகளுக்கு ஏற்றது. சாதாரண இருபத்தாறு அங்குல ஊர்ச் சைக்கிளும் தாராளமாகப் போகும். பிரேக் கட்டையும் செயின் எண்ணெயும் சனிக்கிழமை மாலையே பார்த்து வைத்துவிட்டால் சரி.